அழுத்தினால் வெளுக்கும் நீலம்

கறையக்காவிடம் பொய் சொல்லித் தப்பித்த துணி கிடையாது என்பார்கள் சலவைக் கூடத்துப் பெண்கள்.

பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். சன்னல் இல்லாத நீண்ட அறை. ஒரு பக்கம் ஓயாமல் உறுமும் இயந்திரங்கள், மறுபக்கம் ஆவி பறக்கும் இஸ்திரி மேசைகள். நடுவில், குழல்விளக்குக்கு நேர் கீழே ஒரு பலகை. அதுதான் அவளுடைய ராஜ்யம். மாடி அறைகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து குவியும் விரிப்புகளையும் துண்டுகளையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாக அதில் விரிப்பாள். கறை எங்கே இருக்கிறது, எதனால் வந்தது, எதைப் போட்டால் போகும் என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவாள்.

"இது காபின்னு சொல்லி அனுப்பியிருக்காங்கக்கா."

"காபியாவது. மோந்து பாரு. முடிக்குப் பூசுற மை. ஆளு வெளிய மாப்பிள்ளை மாதிரி திரிஞ்சிருப்பான். தலையணைக்குத்தான் தாத்தான்னு தெரிஞ்சிருக்கும்."

பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "உங்க வீட்டுக்காரர் பாவம்க்கா. உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாது போல."

"அவரு என்னத்த மறைக்கிறது? அவரே ஒரு கறைதான்."

அது பொய்யில்லை. அவள் புருஷன் சாயப்பட்டறையில் நீலத் தொட்டிக்காரர். ஜீன்ஸ் துணிக்கான நூல்கட்டுகளைத் தொட்டியில் முக்கி, எடுத்து, காற்றில் உலர்த்தி, மறுபடி முக்கி, நிறம் ஏறுகிறதா என்று பார்த்து நிற்பது அவர் வேலை. பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீலம் என்பார்கள். கைக்கு உறையும் காலுக்கு ரப்பர் பூட்ஸும் கொடுத்திருந்தார்கள். உறை கைகளைக் காப்பாற்றியது. பூட்ஸுக்குள் மட்டும் எப்படியோ தண்ணீர் இறங்கிவிடும். முப்பது வருஷமாக அவருடைய கால்விரல்கள் நீலமாகவே இருந்தன. விடுமுறை நாட்களில் கொஞ்சம் வெளிறி, வேலைக்குப் போனதும் பழையபடி ஏறிவிடும்.

அவர்கள் சந்தித்ததே கறையால்தான். நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் ஈரச்சட்டை, அவளுடைய வெள்ளைச் சீருடையின் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு நீலத்தை ஒற்றிவிட்டது. அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"துவைச்சா போயிடும்மா," என்றார் அவர் பரிதாபமாக.

"போகலன்னா?"

"போகலன்னா நாளைக்கு இதே பஸ்ல நான் வந்து பதில் சொல்றேன்."

அன்று சாயங்காலமே கறை போய்விட்டது. போகவில்லை என்று மறுநாள் அவரிடம் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். கல்யாணமாகி, மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகும், அந்தக் கறை போய்விட்டதா என்று அவர் கேட்டால், "இன்னும் இருக்கு" என்பாள்.

அவர் போடுவார், அவள் எடுப்பாள். சாயங்காலம் வீடு திரும்பியதும் குளியலறைத் தரையில் அவர் காலை நீட்டி உட்கார, அவள் சலவை சோடாவும் தேய்கல்லுமாக அந்த விரல்களைத் தேய்த்துவிடுவாள். முழுசாகப் போகாது, ஓரளவுக்குத்தான் போகும். ஆனாலும் அந்த நேரத்தில்தான் அவர்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் நடந்தது. மகள் படிப்பு, வாடகை, சண்டை, சமாதானம், எல்லாமே அந்தப் பத்து விரல்களைச் சுற்றித்தான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு முதல் நெஞ்சுவலி வந்தது. பட்டறை வேண்டாம், ஆவியும் ரசாயனமும் இனி ஆகாது என்று மருத்துவர் சொன்னார். மகள் மேல் ஆணையாக இனிப் போகமாட்டேன் என்று அவர் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து, மதியத் தூக்கத்தில் இருந்தவரின் போர்வையைச் சரிசெய்தபோது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மெல்லிய நீலக்கோட்டைப் பார்த்தாள். எழுப்பி உட்காரவைத்துக் கேட்டாள்.

"போகலியே," என்றார்.

"நகம் சொல்லுது."

தலையைக் குனிந்துகொண்டார். தொட்டி கலக்கத் தெரியாமல் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், இரண்டு மணி நேரம்தான் நின்றேன் என்றார். அவள் இதைச் சலவைக் கூடத்தில் கதையாகச் சொன்னாள். "நகத்துல எழுதி வச்சிருந்தாரு, நான் படிச்சிட்டேன்" என்று சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த அந்தக் கதைதான் பின்னால் அவள் கழுத்தை நெரித்தது.

அடுத்த வலி பெரிதாக வந்தது. பட்டறை வாசலிலேயே விழுந்தார். பட்டறைக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் என்கிற நண்பர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். தொடையில் சின்னதாகத் துளைபோட்டு, ரத்தக்குழாய் வழியாகக் கம்பியைச் செலுத்தி, இதயத்தின் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவளிடம் இதய மருத்துவர் வந்து, "பிழைச்சிட்டாரும்மா" என்றபோது அவள் அவருடைய வெள்ளைக் கோட்டின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கோட்டில் பேனா மை ஒழுகியிருந்தது. அழுதுகொண்டே, "பால்ல ஊறவைங்க டாக்டர், போயிடும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரை வயர் பின்னிய நாற்காலியில் சன்னலோரம் உட்காரவைத்தாள். கட்டளையும் போட்டாள்.

"இந்தத் தடவை ஆணையெல்லாம் வேணாம். போனா நான் போயிடுவேன். அவ்வளவுதான்."

"எங்க போவ?"

"எங்கயோ. நீலமே இல்லாத ஊருக்கு."

பாய்லர் அடிக்கடி வந்தார். வந்தால் வீடு அதிரும். "அண்ணி, உங்க வீட்டுக்காரர் இல்லாம நூல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறத்துல வருது. ஒரு கால் பச்சை, ஒரு கால் நீலம்னு பேன்ட் தைச்சா வாங்க ஆளு இருக்கு, சொல்லுங்க." நீலம் சிரிப்பார். சிரித்துவிட்டு, சன்னலுக்கு வெளியே பட்டறை இருக்கும் திசையைப் பார்ப்பார். அந்தப் பார்வையை அவள் கவனித்தாள். அதைத் தன் பலகையில் விரித்துவைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் அவருடைய வலது காலைப் பார்த்தாள். ஓய்வில் இருந்ததால் விரல்கள் பல வருஷம் கழித்து முதல்முறையாகச் சுத்தமாக வெளுத்திருந்தன. அவற்றில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மட்டும் நீலமாக இருந்தன.

அவள் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எப்ப போனீங்க?"

"எங்க?"

"என்னைப் பைத்தியக்காரி ஆக்காதீங்க. எப்ப போனீங்க?"

"நான் எங்கயும் போகல. காலையிலேர்ந்து எரியுது அந்த விரலு. நானே என்னன்னு பார்த்துட்டு இருக்கேன்."

அவள் குளியலறைக்குப் போனாள். ஈரத்தரையில் கால்தடங்கள் தெரிந்தன. மங்கலான நீலத் தடங்கள், வாசலிலிருந்து குழாய்வரை. அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாகச் சிமெண்டுக்குள் இறங்கிய சாயம் அது, காய்ந்தால் மறைந்து நனைந்தால் எழுந்துவரும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. முன்பெல்லாம் தினமும் தேய்த்துக் கழுவிக் காயவிடுகிற தரை. இப்போது பகல் முழுக்க அவர் வீட்டில் இருப்பதால் தரை காய்வதே இல்லை. கோபம் வந்தால் பழகிய கண்ணும் பழையதைப் புதிது என்றுதான் பார்க்கும்.

சோடாவையும் தேய்கல்லையும் எடுத்துவந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தேய்த்தாள். அவர் பற்களைக் கடித்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

"ரொம்ப வலிக்குது."

"எனக்கு மட்டும் வலிக்கலியா?"

தோல் சிவந்து, கீறி, ரத்தம் துளிர்த்தது. நீலம் அசையவில்லை. அவள் பார்க்காத பிடிவாதக் கறையா? இது புதுச் சாயம், ஏதோ புது ரசாயனம் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. அதையும் அவள் குற்றமுள்ள மனசு என்றே படித்தாள்.

அந்த வாரக் கடைசியில் மறுபரிசோதனைக்குப் போனார்கள். கூட்டம் நெரிந்தது. இதய மருத்துவர் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார், தொடையில் துளை ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கீழே குனிந்து பாதத்தைத் தொட்டார்.

"நாடித் துடிப்பு நல்லா இருக்கு. விரல் ஏன் நீலமா இருக்கு?"

நீலம் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சொன்னாள்.

"சாயம் டாக்டர். இவரு வேலை அப்படி. சொன்னா கேக்கறதில்ல, திருட்டுத்தனமா போறாரு. நீங்களாவது கண்டிங்க."

மருத்துவர் சிரித்தார். விரலால் மிரட்டினார். "மனைவி சொல்றதைக் கேளுங்க சார். வெளியே ரத்தம் கொடுத்துட்டுப் போங்க, கிட்னி எப்படி இருக்குன்னு பார்த்துடலாம்" என்றார். ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசை மாடிப்படிவரை நின்றது. மதியத்துக்குள் அவள் சலவைக் கூடத்தில் இருக்க வேண்டும். அடுத்த முறை கொடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரை ஆட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க அவர் பேசவில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபம் போலும் என்று நினைத்தாள்.

அதன்பின் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் குமட்டுகிறது என்று தள்ளினார். முகம் உப்பியிருந்தது. எந்நேரமும் அசதி. உடம்பெல்லாம் அரிக்கிறது என்று முதுகைச் சுவரில் தேய்த்தார். முழங்காலுக்கு மேலே தொடையில் வலை விரித்ததுபோல் கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. நாள் முழுக்க வயர் நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னல் பதியாமல் என்ன செய்யும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. பட்டறைக்குப் போகும் ஆள் வீட்டில் பட்டினி கிடப்பதுபோல் நாடகம் ஆடுகிறார் என்று மகளிடம் போனில் சொன்னாள்.

மூன்றாவது விரலும் நீலமானது. அன்று அவள் கத்தவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு சொல்லுங்க. நான் உங்களுக்கு வேணுமா, அந்தத் தொட்டி வேணுமா?"

அவர் மெதுவாக எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்து, அலமாரியிலிருந்து பழைய பூட்டை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"பூட்டிட்டுப் போ. சாவிய நீயே வச்சுக்கோ. அப்பவாச்சும் நம்புவியான்னு பார்ப்போம்."

ரோஷத்தில்தான் சொன்னார். அவள் நிஜமாகவே பூட்டிவிட்டாள். தண்ணீரும் சாப்பாடும் போனும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒற்றைக் கதவை வெளியே இழுத்துச் சாத்தி, பூட்டி, சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பகலில் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவ வீட்டுல வச்சுப் பூட்டிட்டியாமே?"

"அவருதான் பூட்டச் சொன்னாரு."

"அவரு சொன்னா நீ பூட்டுவியா? மனுஷன்மா அவரு. துணி இல்ல."

அவள் போனை வைத்தாள். அன்று பலகையில் வந்த எந்தக் கறையும் அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ரத்தத்தைப் பழச்சாறு என்றாள். பக்கத்தில் நின்ற பெண் திருத்தினாள்.

சாயங்காலம் வந்தபோது பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். சன்னல் கம்பிகளைப் பார்த்தாள். திறந்து உள்ளே போனாள். அவர் அதே நாற்காலியில் இருந்தார். சாப்பாடு மூடியபடியே இருந்தது. வெளிச்சம் அவர் கால்மேல் விழுந்திருந்தது.

இடது காலின் கட்டைவிரல் நீலமாக இருந்தது. காலையில் அவள் பார்த்துவிட்டுப் போன கால் அது. காலையில் அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் யாரோ புகுந்து வந்திருப்பதைப்போல் அவளுக்குத் தோன்றியது. கதவைத் திரும்பிப் பார்த்தாள். பையைத் தொட்டுச் சாவியைப் பார்த்தாள். மெல்ல மண்டியிட்டு அந்த விரலைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அவள் கட்டைவிரல் பதிந்த இடம் வெள்ளையாக மாறியது. கையை எடுத்தாள். ஓரத்திலிருந்து உள்நோக்கி, மெதுவாக, ஊறுவதுபோல், நீலம் திரும்பி வந்தது.

மறுபடி அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். வந்தது.

அவள் ஆயுளில் எத்தனை கறைகளை அழுத்தியிருப்பாள். எந்தக் கறையும் அப்படிச் செய்ததில்லை. இது மேலே ஒட்டியது அல்ல. இது உள்ளே இருந்து பார்க்கிறது.

"நான் போகலன்னு சொன்னேன்ல," என்றார் அவர், ரொம்பத் தணிந்த குரலில். "நான் போகல. அதுதான் என்னைத் தேடி வந்திருக்கு."

தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். அவரைத் தூக்கி உட்காரவைத்தபோதுதான் கவனித்தாள், அவர் எவ்வளவு கனத்திருந்தார் என்று. சாப்பிடாத மனிதர் எப்படிக் கனப்பார்? உடம்பில் தண்ணீர் தேங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கே சிறுநீரக மருத்துவர் வந்தார். அவள் வயதிருக்கும் ஒரு அம்மாள். விரல்களை அழுத்திப் பார்த்தார், தொடையிலிருந்த வலைக்கோடுகளைப் பார்த்தார், பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"இதயத்திலிருந்து கிளம்புற பெரிய குழாயோட உள்சுவர்ல வருஷக்கணக்கா கொழுப்பு படிஞ்சு பொருக்கு மாதிரி இருந்திருக்கும்மா. அன்னைக்கு அந்தக் கம்பி போகாட்டி அவர் உயிரோட இருந்திருக்க மாட்டார். அது போற வழியில பொருக்கு உடைஞ்சிருக்கு. உள்ள இருக்கிற கொழுப்பு கண்ணாடித் தூள் மாதிரி, ஊசி ஊசியா இருக்கும். ரத்தத்தோட கீழ இறங்கி, குழாய் எங்க ரொம்பச் சன்னமா ஆகுதோ அங்க போய்ச் சொருகிக்கும். கிட்னியில, கால் விரல்ல. பெரிய குழாய்ல அடைப்பு இல்லாததால பாதத்துல நாடி நல்லாவே துடிக்கும். ஒரே நாள்ல நடந்து முடியுறதில்ல. வாரக்கணக்கா உதிர்ந்துகிட்டே இருக்கும்."

"கரைக்க மருந்து?"

"இல்லம்மா. மேல உதிராம பார்த்துக்கலாம். வலியைக் குறைக்கலாம். கிட்னிக்கு டயாலிசிஸ் கொடுத்துக் காத்திருக்கலாம். சிலருக்குக் கொஞ்சம் திரும்பும்."

எதைப் போட்டாலும் போகாத ஒன்றைப் பற்றி ஒருவர் தன்னிடம் சொல்வதை அவள் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அன்னைக்குப் பரிசோதனைக்கு வந்தப்ப விரலைப் பார்த்து என்னன்னு கேட்டாங்க. நான்தான் சாயம்னு சொன்னேன். ரத்தம் கொடுக்கச் சொன்னாங்க. வரிசை பெருசுன்னு நான்தான் கூட்டிட்டுப் போயிட்டேன். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா?"

அந்த அம்மாள் சட்டென்று பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதல் என்று அவள் தள்ளிவிட்டிருப்பாள்.

"கிட்னிக்கு ஆகாத மாத்திரை ஒண்ண நிறுத்தியிருப்போம். கிட்னி கெடறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அதனால இது நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. நின்னிருக்காதுன்னும் சொல்ல முடியாது."

எந்தப் பக்கமும் சாயாத அந்த வார்த்தை அவளோடு வீட்டுக்கு வந்தது. அவளோடு பஸ்ஸில் ஏறியது. சலவைக் கூடத்தில் விரிப்பை விரித்தால் அதில் எழுந்தது. குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் நீலத் தடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக் குழாய்வரை நடந்துபோய் நின்றன. அவள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு கீழே உட்கார்ந்து ஒரு தடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவாள். வெளுக்காது. பழைய சாயம், அவ்வளவுதான். இத்தனை நாள் இதைத்தான் சாட்சியாக நிறுத்தினாள்.

அவருடைய இரண்டு விரல்கள் கறுத்துக் காய்ந்தன. எடுத்துவிட்டார்கள். மற்றவை புண்ணாகி ஆறின. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். கட்டில் பக்கத்தில் இயந்திரம் சுழலும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் போய்த் திரும்பும். ஒருநாள் அவர் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப என்னையே துவைக்கிற வேலையா போச்சு உனக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் சும்மா இருந்தீங்க? நான் போகலன்னு நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பார்வையை இயந்திரத்திலிருந்து அவளிடம் திருப்பினார்.

"வீட்டுல சொன்னேன். நீ நம்பல. நீ நம்பாததை டாக்டர் எப்படி நம்புவாருன்னு விட்டுட்டேன்." பிறகு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துச் சொன்னார். "அது மட்டும் இல்ல. எனக்கும் பயம். முப்பது வருஷமா உள்ள போன சாயம் இப்ப வெளிய வருதுன்னு நெனச்சேன். என்னை விட்டுட்டு எங்க போறேன்னு தொட்டி கேக்கற மாதிரி இருந்துச்சு. அதை யார்கிட்ட சொல்ல? சிரிப்பாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"உன்கிட்டதான் காலைக் கொடுத்திருந்தேனே."

அவள் முகத்தை அவர் கையில் புதைத்துக்கொண்டாள். அந்தக் கையில் ஊசிக்காகப் போட்ட பிளாஸ்திரி இருந்தது. அதன் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரில் போகும் கறை. அவளுக்குத் தெரியாதா. ஆனாலும் துடைக்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பல மாதம் கழித்துக் கேட்டார்.

"ஒரு தடவை என்னைப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போ."

முன்பு அந்த வார்த்தைக்கு வீடே ரெண்டுபட்டிருக்கும். இப்போது அவள் பாய்லரைக் கூப்பிட்டு, அவரை உட்காரவைத்துத் தூக்கிப்போக நாற்காலி பிடிக்கச் சொன்னாள். பாய்லர் வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "அண்ணி, நீங்களே கூட்டிட்டு வர்றீங்க, உலகம் அழியப்போகுது." தொட்டியருகே போனதும் அவரும் அடங்கிவிட்டார். தொட்டி நீர் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. காற்றுப் பட்டால்தான் அது நீலமாகும். நீலம் குனிந்து, உறையில்லாத வலதுகையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டார். எடுத்துக் காற்றில் பிடித்தார். எல்லோரும் பார்த்திருக்க, பச்சையாக இருந்த விரல்கள் மெல்ல மெல்ல நீலமாயின. அவர் முகத்தில் நெஞ்சுவலிக்கு முன்பிருந்த அந்தப் பழைய முகம் ஒரு நிமிஷம் வந்து போனது.

வீட்டு வாசலில் அவரை இறக்கினார்கள். உள்ளே போக, கதவை ஊன்றிக்கொண்டார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், வெள்ளை வண்ணத்தின்மேல், ஐந்து விரல்கள் ஈரமாகப் பதிந்தன.

அவள் சோடாவை எடுக்கவில்லை.

அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது புது நர்ஸ் அவர் கையைப் பார்த்து வெலவெலத்துப்போனாள். "ஐயோ, கையிலயும் வந்துடுச்சா?" என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"அது சாயம்மா," என்றாள் கறையக்கா.

சொன்ன மறுகணம் அவளுக்கே உறைத்தது. அதே வார்த்தை. அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். வெளுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அழுத்திய அவள் நகம்தான் வெளுத்தது, அவர் தோலில் நீலம் அப்படியே நின்றது. அடுத்த விரல். அதற்கடுத்தது. ஐந்தையும் அழுத்திப் பார்த்துவிட்டு, அவர் கையைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"நம்பிட்டியா இப்ப?" என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

"நம்பிட்டேன்."

"சரி. பஸ்ல பட்ட அந்தக் கறை? அது போயிடுச்சா?"

"இன்னும் இருக்கு," என்றாள்.

மழை தொடங்குவதற்கு முன்னால் அவர் போய்விட்டார். வீட்டில்தான், அந்த நாற்காலியில்தான், ஒரு பகலில். கதவு திறந்திருந்தது. அவரை வைத்துப் பூட்டிய நாளுக்குப் பிறகு அவள் அதைப் பூட்டியதே இல்லை. இன்றும் பூட்டுவதில்லை. திருடன் வந்தால் என்ன செய்வாய் என்று மகள் போனில் திட்டுகிறாள். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். வண்ணம் பூச ஆள் அனுப்புகிறேன் என்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்தக் கதவை மட்டும் விட்டுவிடச் சொல்லி இரண்டு முறையும் கெஞ்சினாள்.

சலவைக் கூடத்தில் அவள் பலகை இன்னும் அவளுடையதுதான். பெண்கள் முன்போல் சிரிக்கவைக்கப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் அவள் ஒரு கறையைப் பார்த்து உடனே இன்னது என்று சொல்வதில்லை. விரலை வைத்து அழுத்திவிட்டு, கொஞ்சம் காத்திருக்கிறாள். எதற்காக என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறாள்.

வெயில் நாட்களில் கதவில் ஒன்றும் தெரியாது. சாரல் அடித்து நனைந்தால், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஐந்து விரல்கள் மெல்ல எழுந்து வருகின்றன, யாரோ வெளியே நின்று ஊன்றிக்கொண்டதுபோல். அவள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். எடுத்துப் பார்க்கிறாள்.

வெளுக்கவில்லை.

"நீங்கதான்," என்று சொல்லிவிட்டு, கதவை நன்றாகத் திறந்துவைக்கிறாள்.